மாமாவின் கையும் நாலு பிளக்கும்

மக்கா, இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாயா குடித்துவிட்டு, அறையில் உன்னோடு இருக்கும் பையன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆற அமர உட்கார்ந்து வாசி. நீ எர்ணாகுளத்துக்குப் போன இந்த ஆறு வருஷத்தில் நான் உனக்கு எழுதியதெல்லாம் கார்டுதான். இங்கு யாவரும் சுகம், மழை உண்டு, அம்மைக்கு முட்டுவலி என்று மூன்று வரி, கீழே ஒரு கையெழுத்து. இன்றைக்கு நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. அதற்குள் நீ ஒரு காரியம் தெரிந்துகொள்ள வேண்டும், அதை என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடைசிக் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். மாமா வருவாரா? நெய்யாற்றின்கரையில் ஒரு மலையாள வீட்டுப் பெண்ணைக் கட்டப் போகிறேன் என்று நீ சொன்னபோது நானும் உன் அம்மாவும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தோம், அவள் உன் அம்மாவிடம் நம்ம தமிழிலேயே முட்டுவலியைப் பற்றி விசாரித்தாள், அத்தோடு தீர்ந்தது. உன் மாமாதான் மசியவில்லை. மாமன் கை மாலை எடுத்துத் தராமல் நம் வீட்டில் யார் கல்யாணமும் நடந்ததில்லை. அதற்காகவே நான் பனச்சமூட்டுக்குப் போய்க் கேட்டேன். அவன் அந்த வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "எனக்க கைய ஒடிச்சவனுவளுக்க வீட்டில நான் கை நனைக்க மாட்டேன். கேட்டியளா அத்தான்? செத்தாலும் மாட்டேனாக்கும்" என்றான். அந்த மணிக்கட்டு வளைந்திருப்பதை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போடுவான்.

அந்தக் கை எப்படி ஒடிந்தது என்று நீ கேட்டு வளர்ந்த கதை இதுதான். எல்லைப் போராட்ட நாட்களில், மைக் கட்டிய வேன் கூட்டத்துக்குப் புறப்படும் நேரத்தில், குட்டப்பன் என்ற மலையாளத்தான் முன்னாலேயே வந்து வேனின் பிளக்கில் ஏதோ செய்து வைத்துவிட்டான், இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டில் திருப்பி அடித்தது, மாமாவின் கை போயிற்று. நாலாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லித்தான் ஒரு மலையாளப் பையனின் சிலேட்டை நீ உடைத்தாய். உங்க ஆளுகதான் எங்க மாமாவுக்க கைய ஒடிச்சானுவ என்று சொல்லி அடித்தாயாம். வாத்தியார் ஆள் அனுப்பினார். நான் வந்தேன், உன் காதைப் பிடித்துத் திருகினேன், சிலேட்டு வாங்கிக் கொடுக்கிறேன் என்று அந்தப் பையனின் அப்பாவிடம் சொன்னேன். வழி முழுக்க நீ அழுதுகொண்டே வந்தாய். "நான் சொன்னது நெசந்தானே அப்பா?" என்று கேட்டாய். நான் உன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். உனக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

நீ சொன்னது நிஜமில்லை மக்கா. அந்தக் கையை ஒடித்தவன் நான்.

எப்படி என்று சொன்னால்தான் உனக்குப் புரியும், அதற்கு நீ கொஞ்சம் இன்ஜின் பாடம் கேட்க வேண்டியிருக்கும். சின்ன வயசில் நான் பானெட்டைத் திறந்தாலே நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய், இப்போது தப்ப முடியாது. பிளக்கின் வாயில் இரண்டு முனை உண்டு. நடுவில் ஒரு நகக்கனத்துக்கு இடைவெளி. அதைத்தான் கேப் என்கிறோம். மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி வரும், பொறியில் பெட்ரோல் பற்றும், பிஸ்டனை அடித்துக் கீழே தள்ளும். கேப் மிகவும் நெருங்கியிருந்தால் பொறி சட்டென்று வந்துவிடும், ஆனால் சவலைப் பொறி. கேப் அகன்றுபோனால் அதைத் தாண்ட மின்சாரம் இன்னும் கொஞ்சம் வலு சேர்க்க வேண்டும், அதனால் பொறி ஒரு இமைப்பொழுது பிந்தும், சில நேரம் வராமலேயே போகும். பிஸ்டன் மேலே வந்து முட்டப்போகும் அந்த நேரத்துக்குச் சரியாகப் பொறி விழ வேண்டும், அதுதான் டைமிங். டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற சட்டியை ஒரு பக்கம் திருப்பினால் பொறி முந்தும், மறுபக்கம் திருப்பினால் பிந்தும். இவ்வளவுதான் பாடம்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயசு. பாறசாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. குட்டப்பண்ணனும் அங்கேதான். என்னைவிடப் பத்து வயசு மூப்பு, வேலையில் அதைவிட மூப்பு. இரண்டு பேரும் ஒரு பொதியைப் பிரித்துச் சோறு தின்போம், அவருக்கு மரச்சீனிக் கிழங்கு, எனக்குச் சாளை மீன் கறி. நான் தமிழில் திட்டுவேன், அவர் மலையாளத்தில் திட்டுவார், வண்டிக்கு இரண்டும் விளங்கியது. அந்த ஒர்க்‌ஷாப்பின் மண்ணெண்ணெய் வாசனை இப்போதும் எங்கேயாவது மூக்கில் பட்டால் நின்றுவிடுவேன். அத்தனை சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. பிறகு போராட்டம் சூடுபிடித்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் எல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம். ரத்தம் கொதித்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய், ஆனால் கொதித்தது. நாங்கள் கேட்டது இன்றைக்கும் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். குட்டப்பண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ரோட்டின்றெ நடுக்கு வரயிட்டா நீ எவிடெடா வண்டி திரிக்கும்?" என்று கேட்பார். ரோட்டுக்கு நடுவே கோடு போட்டால் வண்டியை எங்கேயடா திருப்புவாய் என்று. முதலில் நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. பொதியைத் தனியாகப் பிரிக்க ஆரம்பித்தேன்.

நெல்லு மில் முதலாளி ஒருவர் போராட்டக் கூட்டங்களுக்கு ஒரு பழைய வேனை விட்டுக் கொடுத்திருந்தார். நான்தான் டிரைவர். மேலே குழாய் கட்டி, உள்ளே மைக்கைப் பிடித்துக்கொண்டு உன் மாமா. அப்போது அவன் எனக்கு மச்சினன் இல்லை, கூட்டாளி. என்ன தொண்டை தெரியுமா அவனுக்கு! காஞ்சிரங்குளத்தில் நின்று பேசினால் கடலுக்குள் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்த வேன் மேடு ஏறும்போது இழுக்க மாட்டேன் என்று திக்கித் திக்கி நின்றது. குட்டப்பண்ணன் தூரத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே சொன்னார். "பிளக்கிளக்கி கேப் நோக்கெடா. தேஞ்ஞு போயிட்டுண்டு." பிளக்கைக் கழற்றிக் கேப்பைப் பார், தேய்ந்துபோயிருக்கிறது என்கிறார். அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரியும். வேறு யார் சொல்லியிருந்தாலும் கழற்றியிருப்பேன். ஆனால் பக்கத்தில் நாலு தொண்டர்கள் நின்றார்கள், மலையாளத்தான் சொல்லி நம்ம வண்டியைத் திருத்தணுமா என்று ஒருவன் முணுமுணுத்தான். எனக்கு வீம்பு வந்துவிட்டது. "எனக்க வண்டி எனக்குத் தெரியும்" என்றேன். பிளக்கைத் தொடவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி, பொறி முந்தி விழுகிற பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனேன், காதுக்கு நன்றாக இருக்கிற இடத்தில் முறுக்கி விட்டேன். வேன் இழுத்தது. தொண்டர்கள் கைதட்டினார்கள்.

இது தப்பு வேலை மக்கா. கேப் அகன்றதால் பொறி பலம் கெட்டு, பிந்தியும் விழுகிறது. அதைச் சரி செய்யாமல், டைமிங்கை எக்கச்சக்கமாக முந்த வைத்து ஒப்பேற்றிவிட்டேன். ஒரு தப்பின் மேல் இன்னொரு தப்பை வைத்தால் சத்தம் சரியாகக் கேட்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஹேண்டில் போட்டுச் சுற்றினால் வேன் ஸ்டார்ட் ஆகாது. மெதுவாகச் சுற்றும்போது அந்த அகன்ற கேப்பைத் தாண்டப் பொறிக்குத் திராணி இல்லை. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். தள்ள ஆளுக்கா பஞ்சம், போராட்டக் காலம் அல்லவா, நாற்பது பேர் தோள் கொடுப்பார்கள். அது ஒரு திருவிழா மாதிரி இருக்கும்.

ஒரு பெரிய கூட்டத்துக்கு முந்தைய நாள் வேனை ஒர்க்‌ஷாப் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனேன். காலையில் குட்டப்பண்ணன் சீக்கிரமே வந்திருக்கிறார். நான் செய்யமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நாலு பிளக்கையும் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, முனையைத் தட்டி, இடைவெளியை அளக்கிற கேஜ் தகட்டை விட்டுக் கேப்பைச் சரியாக வைத்து மாட்டியிருக்கிறார். அவர் விரும்பாத கூட்டத்துக்குப் போகிற வண்டி அது. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் செய்துவிட்டு வேறு வண்டியைப் பார்க்க அம்பூரிப் பக்கம் போய்விட்டார். நான் டைமிங்கைத் திருப்பி வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எந்த மடையனும் செய்யாத வேலை அது.

நாங்கள் வந்தோம். தொண்டர்கள் எல்லாரும் மைதானத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள், தள்ள ஆளில்லை. நான் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு உன் மாமாவிடம், "எலே, ஹேண்டிலு போட்டு ஒரு சுத்து சுத்திப் பாரு" என்றேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி குனிந்தான். பிளக் இப்போது நல்ல பிளக். மெதுவாகச் சுற்றினாலும் பொறி பாயும். டைமிங்கோ நான் வைத்தது. பிஸ்டன் மேலே வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே நெருப்பு விழுந்து, ஏறிக்கொண்டிருந்த பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிட்டது. ஹேண்டில் பின்பக்கமாக ஒரு அடி. பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது.

நாட்டு வைத்தியம் பார்க்கிற ஆசான் வந்து எலும்பை நேராக்கி, முட்டை வெள்ளையும் பச்சிலையும் வைத்து மூங்கில் பத்தை கட்டினார். அதற்குள் ஒர்க்‌ஷாப் முற்றம் நிறைய ஆள் கூடிவிட்டது. மட்கார்டின் மேல் குட்டப்பண்ணன் மறந்து வைத்துவிட்டுப் போன கேஜ் தகடு கிடந்தது. ஒருவன் எடுத்துப் பார்த்தான், அதில் அவர் ஆணியால் கீறிய அடையாளம். "இது அந்தக் குட்டப்பனுக்கதாக்கும். பிளக்கில என்னமோ செய்து வச்சிருக்கான்" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னேன், "நேத்து நான் நல்லாத்தான் விட்டுட்டுப் போனேன்." அவ்வளவுதான் சொன்னேன் மக்கா. குட்டப்பண்ணனின் பெயரை நான் எடுக்கவே இல்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் காலை ஆளில்லாத நேரம் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய குறிக்கே திருப்பிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் கேட்டருகே குட்டப்பண்ணன் நிற்கிறார். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், அது எந்த நட்டில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தார். அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. "எத்தற திரிச்செடா?" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு திருப்பினாய் என்று. "என்னத்த?" என்றேன். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. அன்றைக்கே ஒர்க்‌ஷாப் முதலாளி அவரைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அவர் காஞ்சிரங்குளத்துக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதலில் பயம். பிறகு உன் அம்மா. மாமாவைப் பார்க்க தினமும் அவர்கள் வீட்டுக்குப் போவேன், அவள்தான் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள். கட்டுப் பிரித்தபோது கை வளைந்திருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் என்றான். அடுத்த வருஷம் அவனே முன்னால் நின்று தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுத்தான். நான் வாயைத் திறந்திருந்தால் உன் அம்மா எனக்கு இல்லை, நீயும் இல்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு போயிற்று, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இந்தப் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டன. மாமா பனச்சமூட்டில் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்தில் வீடு வைத்துக்கொண்டான். வருஷா வருஷம் போராட்ட நினைவுக் கூட்டத்தில் அவனை மேடையேற்றுவார்கள். அவன் மைக்கைப் பிடித்துக் கையைத் தூக்கிக் காட்டிக் கதை சொல்வான். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்று நான் கைதட்டியிருக்கிறேன்.

போன வாரம் முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் எனக்குச் சாயா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு, "அண்ணனுட்ட போய்ச் சொல்லுங்க. சொல்லாம இஞ்ச வராதீங்க" என்றாள். பனச்சமூட்டுக்குப் போனேன். மாமா ரப்பர் ஷீட்டை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தான். உனக்கு எழுதியதைப்போலவே பிளக், கேப், டைமிங் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அவன் ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தான், ஒன்றையே இரண்டு தடவை திருப்பினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத்தான், இந்தக் கை போனதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல" என்றான் கடைசியில். "வயசு காலத்தில பட்டது. ஆனா மைக்க பிடிச்சு எத்தன வருஷம் நான் அந்த மனுஷனுக்க பேரச் சொல்லியிருக்கேன்? நான் அறியாமச் சொன்னேன். நீங்க அறிஞ்சிட்டு கேட்டுட்டு நின்னிய. கையுந் தட்டுனிய." அவன் சட்டையை எடுத்து இடது கையால் பொத்தான் போட்டான். "கல்யாணத்துக்கு நான் வாறேன். மாலையும் எடுத்துக் குடுப்பேன். ஒரு காரியம் உண்டு. மைக்கில சொன்னது மைக்கிலதான் தீரும். தாலி கெட்டியாச்சுன்னா, சோறு வெளம்புறதுக்கு முன்ன, நீங்க எந்திச்சு மைக்க பிடிச்சு எல்லாத்தையும் சொல்லணும். பெண்ணு வீட்டுக்காரனும் கேக்கணும், நம்ம ஆளுகளும் கேக்கணும். தமிழ்லயும் சொல்லணும், மலையாளத்துலயும் சொல்லணும்."

சரி என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம். மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும்போது ஊரோடு சேர்ந்து நீயும் முதல் தடவையாக இதைக் கேட்கக் கூடாது. இதைப் பெண்ணிடமும் வாசித்துக் காட்டு. அவள் வீட்டில் ஒப்பவில்லை என்றால் எனக்கு எழுது, ஆனாலும் நான் சொல்லாமல் விடமாட்டேன், வேறொரு இடத்தில் சொல்வேன். கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் வண்டி திக்கினால் உடனே பிளக்கைக் கழற்றிப் பார். கை அழுக்காகும், அவள் சொல்லி நீ கழற்றுவதாகவும் இருக்கும், இருந்தாலும் கழற்று. வேறெதையாவது திருப்பி வைத்துச் சத்தத்தை மட்டும் சரி பண்ணாதே. நான் மைக்குக்கு முன்னால் நிற்கும்போது நீ தலையைக் குனியாதே, என்னைப் பார். எனக்கு யார் முகத்தையாவது பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மாமா நேற்றுக் காஞ்சிரங்குளத்துக்குப் போனான். நானும் வருகிறேன் என்றதற்கு, நீங்க வராண்டாம், நான் முதல்ல போய் அவருட்ட பேசணும் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினான். அந்தக் கேஜ் தகட்டை நான் கொடுத்தனுப்பினேன், அன்றைக்கு நான் எடுத்து வைத்தது, இத்தனை வருஷமும் என் டூல் பெட்டிக்கு அடியில் கிடந்தது. குட்டப்பண்ணன் இருக்கிறார் மக்கா. கடற்கரையில் படகு இன்ஜின் வேலை பார்த்து, இப்போது முடியாமல் வீட்டில் இருக்கிறாராம். மாமா கல்யாணப் பத்திரிகையை வைத்து, எல்லாவற்றையும் சொல்லி, அவரை முன்வரிசையில் உட்கார வைப்பதாகக் கூப்பிட்டிருக்கிறான். அவர் அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தாராம். பிறகு எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். "ஞான் வராம். எனிக்கிப்போ செவி கேக்கூல. அவனோடு உறக்கெப் பறயான் பற."

வருகிறாராம். இப்போது அவருக்குக் காது கேட்காதாம். என்னைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.